ஐரோப்பாத் தேதி

அவரைப் பற்றி எழுத உட்காரும்போது முதலில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். சட்டை எப்போதும் கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டதும் அவர் மனைவிதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே ஷிப்பிங் மேனேஜர். எந்தச் சரக்கு என்றைக்கு லாரி ஏற வேண்டும், எந்தக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. நான் அவர் அறையின் மூலையில் உட்கார்ந்து ஏற்றுமதிக் காகிதங்களை டைப் அடிப்பவன். வருடக்கணக்கில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் மதியச் சோறு தின்றேன். அதனால் தைரியமாக எழுதலாம்.

அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "உலகம் ஒரே நேரத்துல விடியறதில்லப்பா. மொதல்ல ஜப்பான்ல விடியும். நமக்கு அப்புறம்தான்."

பூகோளமாகப் பார்த்தால் அதில் பிழையில்லை. அவர் அதைப் பூகோளமாகச் சொல்லவில்லை. எந்தப் பொருளும் உலகத்தில் வரிசைப்படிதான் வந்து சேர வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் நாம். நமக்கு ஒரு படி முன்னால் நிற்பவர் அவர். இதுதான் அவருடைய மதம். சர்ச்சுக்குப் போவதெல்லாம் அதற்கு அப்புறம்.

கம்பெனிக்கு வரும் தமிழ்ப் பேப்பர் முதலில் அவர் மேஜைக்குப் போகும். படிக்கிறாரோ இல்லையோ, மதியம்வரை அங்கேயே கிடக்கும். யாராவது எட்டிப் பார்த்தால் முழங்கையைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொள்வார். புதுப் படம் வேலூரில் ஓடிக் களைத்த பிறகுதான் அப்போதெல்லாம் எங்கள் ஊர் தியேட்டருக்கு வரும். அவர் முதல் வாரமே வேலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். திங்கட்கிழமை காலையில், டைப் அடித்துக்கொண்டிருக்கும் என் காதருகே குனிந்து, "கடைசில தங்கச்சி செத்துடறா" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போவார். அன்று முழுவதும் அவர் முகத்தில், நல்ல ஏப்பம் விட்டவனின் நிறைவு இருக்கும்.

புது வீடு கட்டி வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குக் கூப்பிட்டார். பந்தியிலும் வரிசை. முதலில் எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஏஜெண்டுகள், பிறகு மேனேஜர்கள், பிறகு சூப்பர்வைசர்கள். தையல் பிரிவுப் பெண்கள் உட்கார்ந்தபோது அண்டாவில் கறி இல்லை, குஸ்காதான் இருந்தது. "லேட்டா வந்தா அப்டித்தான்" என்றார். அந்தப் பெண்கள்தான் அன்றைக்கு முதலில் வந்தவர்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பலவீனம் இருந்தது. வீடியோ கேம்.

அந்த வயதில், அந்த ஊரில், வேறு யாருக்கும் அந்தப் பைத்தியம் இருந்ததாகத் தெரியவில்லை. தோல் கண்காட்சிக்கு ஜெர்மனி போனபோது கேம் மெஷின் ஒன்றை வாங்கிவந்திருந்தார். "ஐரோப்பா மெஷின்" என்றுதான் சொல்வார். அதில் ஐரோப்பாவில் விற்கும் டிஸ்க் மட்டும்தான் ஓடும். ஜப்பான் டிஸ்க்கையோ அமெரிக்கா டிஸ்க்கையோ போட்டால் திரையில் மறுப்பு வந்துவிடும். அந்தக் குறையையே அவர் பெருமையாகச் சொல்வார். "கண்டதையும் ஏத்துக்காதுப்பா அது."

ஒரு முறை வீட்டுக்குக் கூப்பிட்டார். டீ கொடுத்தார்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் ஆடினார், நான் பார்த்தேன். கை வைக்க விடவில்லை. பனி மூடிய தேசம் ஒன்றில் காணாமல் போன அண்ணனைத் தேடிப் போகும் பெண்ணின் கதை. முதல் பாகத்திலும் இரண்டாம் பாகத்திலும் அவள் தேடிக்கொண்டே இருக்கிறாள். அண்ணன் கிடைக்கவில்லை. மூன்றாவது பாகம் வரப்போகிறது, அதோடு கதை முடிகிறது என்று அறிவித்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும். "கெடைச்சானா இல்லையான்னு தெரியணும்பா. எத்தன வருஷமா காத்துனு இருக்கேன்."

வெளியீட்டுத் தேதிகளை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து, கப்பல் தேதிகளுக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருந்தார். மேலே ஜப்பான். சில மாதம் தள்ளி அமெரிக்கா. இன்னும் தள்ளி ஐரோப்பா. அதற்குக் கீழே வெறும் காகிதம்.

"நமக்கு எப்ப சார்?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"நமக்கா?" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "நமக்கெல்லாம் தேதியே கெடையாதுப்பா. உங்களுக்கு இல்ல. நான் ஐரோப்பாத் தேதி."

அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் நாங்கள் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் பாட்டுப் புத்தகத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த சிறுமி ஒருத்தியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்டெல்லா அக்காவின் மகள். ஸ்டெல்லா அக்கா எங்கள் தெரு. எங்கள் கம்பெனியில்தான் தையல் மெஷினில் வேலை. சிறுமியின் காலில் இருந்தது, சிவப்பு வார் வைத்த ஷூ. வரும் சீசனுக்காக ஜெர்மனி பையருக்கு நாங்கள் செய்துகொண்டிருந்த மாடல்.

மறுநாள் வேலை தொடங்கியதும் ஸ்டெல்லா அக்காவை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஜெர்மனில இது மார்ச்லதான் கடைக்கு வருது. தெரியுமா உனக்கு? அங்க இருக்கற கொழந்தைங்களே இன்னும் கண்ல பாக்கல. உன் பொண்ணு ஆம்பூர்ல போட்டுனு சர்ச்சுக்கு வர்றா!"

"ரிஜெக்ட் ஆனது சார். மூக்குல கீறல் இருந்தது. வெட்டிப் போடறதுக்கு வெச்சிருந்தாங்க. சூப்பர்வைசரக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"ரிஜெக்ட்டுக்கும் தேதி இருக்கும்மா."

"நான் தெச்சதுதான் சார் அது."

"தெச்சவங்களுக்கு மொதல்லன்னு யார் சொன்னது?"

சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. ஷூவைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மேனேஜரே வாட்ச்மேனிடமிருந்து பிளேடு வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே இரண்டையும் குறுக்கே அறுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். அந்த வாரமே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுபவர். ஒருவர் சம்பாத்தியத்தில் அந்த வீடு ஓடாது. சவூதியில் இருந்த கொழுந்தன் லீவில் வந்தபோது, தான் கொண்டுவந்த கேம் மெஷினை அண்ணியிடமே விட்டுவிட்டுப் போனான். சென்னையில் ஒரு மெக்கானிக் அதற்குள் ஒரு சில்லு வைத்துக் கொடுத்திருந்தான். எந்த தேசத்து டிஸ்க்கைப் போட்டாலும் மறுப்பு சொல்லாது. அவள் வாசல் அறையில் டிவியை வைத்தாள், வாசலில் திரைச்சீலை கட்டினாள், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டாள். கொஞ்ச நாளில் சீட்டுப் பணத்தில் இன்னொரு மெஷினும் வாங்கினாள். கேம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை உலகத்தில் மூன்று வகை உண்டு. அடிக்கிறது, ஓட்டுறது, பந்து. "டேய், பட்டன ஒடைக்காதடா! அது உன் வீட்டு மாவாட்ற கல்லா?" என்று அவள் கத்துவது தெருமுனைவரை கேட்கும். மாதம் ஒருமுறை ரயில் ஏறி சென்னைக்குப் போய், கள்ள டிஸ்க் விற்கும் சந்து ஒன்றில் நின்று, "புச்சா இன்னா வந்துக்குது?" என்று கேட்டு வாங்கி வருவாள்.

ஜப்பானில் அந்த மூன்றாம் பாகம் வெளியானது. அவர் கண்டுகொள்ளவில்லை, அது அவர் வரிசை இல்லை. அமெரிக்காவில் வெளியானது. லேசாகப் பரபரத்தார். அடுத்தது தன் முறை என்று இருந்தபோது, ஐரோப்பாத் தேதியைத் தள்ளிவைத்தார்கள். மறுபடியும் தள்ளினார்கள். மனிதர் பேஜாராகிவிட்டார். சரக்கு விஷயமாகப் போன் செய்த ஜெர்மனிக்காரரிடம் கேமைப் பற்றி விசாரித்து, அவர் புரியாமல் "எந்த ஆர்டர் நம்பர்?" என்று கேட்டது மூலையில் இருந்த எனக்கே கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா அக்கா சென்னையிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்குகளில் அது இருந்தது. யாரோ அமெரிக்கப் பிரதியை நகலெடுத்து விட்டிருக்கிறார்கள். கட்டிங் பிரிவில் வேலை செய்த அன்வர் டீ நேரத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் கதவருகே நின்று கேட்டுவிட்டார்.

"இருக்க முடியாது. ஐரோப்பாவுக்கே வரல."

"நான் நேத்து ஆடினேன் சார். பனிமலை, குதிர வண்டி, எல்லாம் இருக்குது."

"அது வேற எதுனா இருக்கும். ஐரோப்பாவுக்கு வராம ஆம்பூருக்கு எப்டிப்பா வரும்?"

சூரியன் மேற்கே உதித்ததாக யாரோ சொன்னமாதிரி நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டெல்லா அக்கா வீட்டில் நான் இருந்தேன். வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. திரையை விலக்கிக்கொண்டு ஹெல்மெட் போட்ட ஒருவர் உள்ளே வந்தார். ஆம்பூரில் அப்போது ஹெல்மெட் போட்டு யாரும் ஸ்கூட்டர் ஓட்டுவதில்லை. அதனால் தெருவே அவரைத் திரும்பிப் பார்த்திருந்தது. கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றினார், எங்கள் மேனேஜர்.

அறையில் இருந்த அன்வரும் மற்றவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஸ்டெல்லா அக்கா நாலு கேள்வி கேட்பாள், குறைந்தபட்சம் வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணினாள்.

"முன்னாடி மூணு பேர் இருக்காங்க சார். உக்காருங்க."

உட்கார்ந்தார். பிறகு நான், "ஏன்க்கா, ஒரு வார்த்தைகூட கேக்கலையே?" என்று கேட்டதற்கு, "கேட்டா ஷூ ஒட்டிக்குமா? விடு, வியாபாரம்" என்றாள்.

அவர் முறை வந்தது. அந்தப் பெண் திரையில் பனியில் நடந்து வந்ததும் அவர் தன்னையறியாமல் அவளைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன். அது ஒன்றுதான் நான் அவரிடம் பார்த்த உண்மையான விஷயம். மற்றபடி ஆட்டம் படுமோசம். உலகத்துத் தேதியெல்லாம் தெரிந்த மனிதருக்கு ஒரு தொங்குபாலத்தைத் தாண்டத் தெரியவில்லை. அந்தப் பெண் விழுவாள், அவர் உச் கொட்டுவார், மறுபடி ஆரம்பிப்பார். பின்னாலிருந்து யாராவது, "நின்னு குதிங்க சார், ஓடி வந்து குதிக்காதீங்க" என்றால், "தெரியும், தெரியும்" என்பார். மறுபடியும் விழுவாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்து வந்தார். அதே ஹெல்மெட். திங்கட்கிழமை ஆபீசில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. நாங்களும் பேசவில்லை. மற்றவர்கள் வாரநாட்களிலும் ஆடினார்கள். அவர் பாலத்தைத் தாண்டியபோது அன்வர் ஆட்டத்தில் எங்கேயோ முன்னால் போயிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் அந்த வீட்டில் எல்லாம் எல்லோருக்கும் கேட்கும்.

"ஒண்ணு பண்ணும்மா. நான் முடிக்கற வரைக்கும் அந்த டிஸ்க்க வேற யாருக்கும் போடாத."

"பசங்க கேப்பாங்களே சார்."

"அப்புறம் ஆடட்டும். நான் முடிச்சப்புறம் எவ்ளோ வேணா ஆடட்டும். எனக்கு முன்னாடி எவனும் முடிக்கக் கூடாது. அவ்ளோதான்."

"அது முடியாது சார். பசங்க பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற கடைக்குப் போய்டுவாங்க. எனக்குப் பொழப்பு இதுதான்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்தபோது, பக்கத்து டிவியில் அன்வர் கடைசிக் கட்டத்தில் இருந்தான். அறையில் எல்லோரும் எழுந்து அவன் பின்னால் போய் நின்றோம். அந்தப் பெண் ஒரு பனிக்குகைக்குள் நுழைகிறாள். அன்வர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "வந்துட்டான்டா, வந்துட்டான்டா, அது அண்ணன்தான்..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"சொல்லாத! சொல்லாதடா!" என்று கத்தினார் அவர். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அந்த நிலையிலும் கஞ்சிச் சட்டை மடிப்புக் கலையவில்லை. அவருக்குப் பின்னால் ஒரே கூச்சல், கைத்தட்டல், விசில். அன்வரைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் காதிலிருந்து கையை எடுக்காமலேயே, தோளால் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். ஹெல்மெட்டை மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஆபீஸ் போனில் அவர் பேசியது என் காதில் விழுந்தது. நான் அறையில் இருப்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் என்னைப் பொருட்படுத்தவில்லை. "பைரசி சார். சட்ட விரோதம். ரெஸிடென்ஷியல் ஏரியா. சின்னப் பசங்க கெட்டுப் போறாங்க." தெருப் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் நிதானமாகச் சொன்னார்.

சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்தது. ஏட்டு ஒருவர் இரண்டு மெஷினையும் டிஸ்க் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். தெருவே கூடி நின்றது. போன் செய்தது யார் என்று நான்தான் ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்துத் துணியால் துடைத்தாள்.

அடுத்த நாள் வேலை விடும் நேரத்தில் கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். பெண்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஸ்கூட்டரில் வந்ததும் குறுக்கே போய் நின்றாள்.

"சார், இத வெச்சுட்டுப் போய்ட்டீங்க."

பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர் ஹெல்மெட்டைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார்.

"என்னுது இல்ல அது."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமயும் எங்க வீட்டுக்குப் போட்டுனு வந்தீங்களே?"

"உங்க வீட்டுக்கா? நான் எதுக்கும்மா அங்க வரப் போறேன்?"

தையல் பிரிவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு எம்பொண்ணு கால்ல இருந்தத புடுங்கினீங்க. சரி, போவுதுன்னு உட்டேன். இப்ப வயித்துல இருக்கறதயும் புடுங்கறீங்களே. உங்களுக்கு இன்னாதான் சார் வேணும்?"

அவர் ஹார்ன் அடித்தார். யாரும் நகரவில்லை. மறுபடியும் அடித்தார். அவளாகத்தான் ஒதுங்கி வழிவிட்டாள். ஹெல்மெட்டை வாட்ச்மேனிடம் கொடுத்து, "யாரு கேட்டு வந்தாலும் குடுத்துடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் கேட்டு வரவில்லை.

அவள் நாலு முறை ஸ்டேஷனுக்கு நடந்து, கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி, மெஷின்களை வாங்கி வந்தாள். மறுபடியும் திரை கட்டினாள். பசங்க திரும்பி வந்தார்கள். அவருக்கு அதே வருடம் புரமோஷன் கொடுத்து சென்னை ஹெட் ஆபீசுக்கு அனுப்பினார்கள். பிரிவு உபசாரத்தில் மாலை போட்டு, கடமை தவறாதவர் என்று பேசினார்கள். நானும் கைதட்டினேன், பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

போன பிறகு ஒரு மத்தியானம் ஆபீசுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சரக்கு விஷயம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

"அத கேன்சல் பண்ணிட்டாங்கப்பா" என்றார்.

"எத சார்?"

"மூணாவது பார்ட். ஐரோப்பாவுக்கு வரவே வராதாம். அறிவிச்சுட்டாங்க." பிறகு, "அந்தம்மாகிட்ட அந்த டிஸ்க் இன்னும் இருக்குமா? கேட்டுச் சொல்றியா? நான் இங்க ஒருத்தன்கிட்ட குடுத்து என் மெஷினுக்கும் சில்லு வெச்சுட்டேன்" என்றார்.

அவருக்காக நான் அந்த வாசல் ஏறியிருக்க மாட்டேன். ஸ்டெல்லா அக்கா என்ன சொல்வாள் என்று பார்க்கத்தான் போனேன். அவள் டிவி தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் துணியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"மெஷினத்தான் திருப்பிக் குடுத்தாங்க. டிஸ்க் பொட்டிய யாரு குடுத்தாங்க? ஸ்டேஷன்லதான் கெடக்கும். அங்க போய்க் கேட்டு வாங்கிக்கச் சொல்லு."

அதை அவரிடம் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். வெட்கப்பட்டுப் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எடுத்துட்டுப் போன ஏட்டு யாருன்னு கேட்டியா?" என்றார்.